ரொறன்ரோ ஸ்காபரோவில புதுசா வாற அகதிக் குடும்பங்களுக்கு ஒரு சேர்ச் செய்யிற வேலை: எங்கட குடும்பம் பாவிச்ச அனுபவத்தோட ஒரு ரிவியூ

கனபேர் தனித்தனியா போன் எடுத்துக் கேக்கினம், அதால ஒரேயடியா எழுதிவிடுறன். என்ர சித்தியின்ர மகள், எனக்குத் தங்கச்சி முறை, மனுசனோடயும் ரெண்டு பிள்ளையளோடயும் யாழ்ப்பாணத்தில இருந்து விசிட்டர் விசாவில வந்து இஞ்ச அகதிக் கோரிக்கை வச்சவை. அவைக்கு முதல் வருசம் முழுக்கத் துணையா நிண்டது எங்கட வீட்டில இருந்து ஒரே பஸ்ஸில போற தூரத்தில இருக்கிற ஒரு சேர்ச். பேர் போடேல்ல. ஏனெண்டா அந்தச் சேர்ச் வீட்டில தங்கியிருக்கிற குடும்பங்களில சிலது ஆரோ தேடி வந்திடுவினம் எண்டு பயந்து ஓடி வந்ததுகள், விலாசம் வெளிய போகக்கூடாது எண்டு சேர்ச்காரர் எல்லாரிட்டயும் சொல்லி வச்சிருக்கினம், அது நியாயம்தான். உண்மையாத் தேவைப்படுற ஆக்கள் 211 எண்ட உதவித் தகவல் நம்பருக்கு அடிச்சு, தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேணும் எண்டு கேட்டு, உங்கட ஏரியாவில இப்பிடியான இடம் எது எண்டு விசாரிக்கலாம்.

என்ர மார்க்ஸ் ஐஞ்சுக்கு நாலரை. அரை ஏன் வெட்டினனான் எண்டும் கீழ எழுதுறன், ஒளிக்க ஒண்டுமில்ல. ஆனா அந்த நாலரையும் உடுப்புக்கோ சாப்பாட்டுக்கோ குடுத்ததில்ல, அதுகள் இந்த ஊரில வேற இடங்களிலயும் கிடைக்கும். ஒவ்வொரு ஒஃபிசுக்கும் ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு ஆள் கூட வந்து பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்தினமே, அதுக்குத்தான் குடுக்கிறன்.

எல்லாரும் கேக்கிற முதல் கேள்விக்கு முதலே பதில் சொல்லிவிடுறன். மதம் மாத்துவினமோ? நாங்கள் சைவம். தங்கச்சி கொண்டு வந்த பெட்டிக்குள்ள நல்லூர்க் கந்தன்ர படம் ஒண்டு இருந்தது, அதைச் சேர்ச் வீட்டு அறையில யன்னலுக்குப் பக்கத்தில வச்சு காலமை விளக்குக்குப் பதிலா சின்ன பற்றரி லைட் ஒண்டு ஏத்திக் கும்பிடுவாள் (அங்க நெருப்புக் கொளுத்த விடமாட்டினம், அலாரம் அடிக்கும்). ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. மேசை லாச்சிக்குள்ள ஒரு தமிழ் பைபிள் இருந்தது, எங்கேயோ தேடிப் பிடிச்சு வாங்கி வச்சிருக்கினம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர விருப்பமெண்டா வாங்கோ எண்டு பாஸ்டர் ஒருக்கா கூப்பிட்டவர், இவை போகேல்ல, அதுக்குப் பிறகும் திங்கக்கிழமை அவர் அதே மாதிரித்தான் சிரிச்சுக் கதைச்சவர். உதவி ஒண்டும் குறையேல்ல. அதே வீட்டில எரித்திரியாவில இருந்து வந்த ஒரு பெந்தகோஸ்தே குடும்பம் இருந்தது, அங்க ஊரில அந்தச் சபைகளுக்கு அனுமதியே இல்ல, பிடிச்சு மறியலுக்க போட்டிடுவாங்கள், அந்த மனுசிக்கு ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுப் பாடுறதே பெரிய விடுதலை. ஒரே கூரைக்குக் கீழ அவவும் பாடினவ, இவளும் கந்தனைக் கும்பிட்டவள். இதை நான் என்ர கண்ணால பாத்தபடியாத்தான் துணிஞ்சு எழுதுறன்.

சரி, சொந்தக்காரர் நாங்கள் இருக்கேக்க ஏன் சேர்ச்? இதை வச்சு எங்கட ஆக்களே எங்களைக் குறை சொன்னவை. நாங்கள் வந்தது தொண்ணூறுகளில. அப்ப இருந்த முறை வேற, இப்ப எல்லாம் ஒன்லைன். உள்ளுக்க வந்து கோரிக்கை வைக்கிறதெண்டா போர்ட்டலில ஏத்தவேணும், அதோடயே பிஓசி எண்டுற ஃபோர்மும் போகவேணும், அந்த ஃபோர்ம்தான் முழுக் கேசுக்கும் அத்திவாரம், என்ன நடந்தது, ஆருக்குப் பயம், ஏன் ஊருக்குள்ளயே வேற இடத்துக்குப் போகேலாது எண்டெல்லாம் அதில எழுதவேணும், பிறகு ஹியரிங்கில, அதாவது கேசை விசாரிக்கிற நாளில, அதில இருக்கிறதையும் வாயால சொல்லுறதையும் வச்சுத்தான் கேள்வி கேப்பினம். அதுக்குப் பிறகு மெடிக்கல், 30 நாளுக்குள்ள, அதுவும் கண்ட டொக்டரிட்டயும் செய்யேலாது, அவை லிஸ்டில வச்சிருக்கிற டொக்டரிட்டத்தான். மெடிக்கல் முடியாட்டி வேர்க் பெர்மிட் வராது. வேர்க் பெர்மிட் இல்லாட்டி 9இல தொடங்கிற அந்த சின் நம்பர், சோஷல் இன்சூரன்ஸ் நம்பர், வராது. அது இல்லாம வேலை இல்ல. இப்பிடி ஒண்டு பிடிச்சு ஒண்டு. நானும் மனுசனும் ரெண்டு ஷிஃப்ட் வேலை, எங்களுக்கு இதில பாதி தெரியாது, தெரிஞ்ச பாதியும் பழசு.

இதுக்குள்ள எங்கட ஆக்களில ஒருத்தர், ஆர் எண்டு சொல்லேல்ல, ஃபோர்ம் நிரப்பித் தாறன் எண்டு காசு வாங்கினவர். லோயருமில்ல, லைசன்ஸ் உள்ள கன்சல்டனும் இல்ல. அவர் எழுதின கதையை வாசிச்சா அதில தங்கச்சியின்ர குடும்பத்துக்கு நடக்காத ஒரு சம்பவம் இருக்கு, வேற ஆரோ ஒரு ஆளின்ர கதையை அப்பிடியே வெட்டி ஒட்டியிருக்கிறார். அது அப்பிடியே போயிருந்தா ஹியரிங்கில பிடிபட்டு இவையின்ர உண்மையான கதையும் பொய்யாப் போயிருக்கும். தயவுசெய்து கேளுங்கோ, இந்த வேலைக்குக் காசு வாங்கிறதெண்டா லைசன்ஸ் இருக்கவேணும், லோயர் எண்டா லோ சொசைட்டியின்ர வெப்சைட்டில பேரைப் போட்டுப் பாக்கலாம், கன்சல்டன் எண்டா அவையின்ர கொலிஜ் வெப்சைட்டில பாக்கலாம், ரெண்டு நிமிசம் காணும்.

அந்த ஃபோர்மைத் தூக்கிக்கொண்டுதான் முதன்முதலா அந்தச் சேர்ச்சுக்குப் போனது. கிழமையில ஒருநாள் பின்னேரம் பேஸ்மென்ட்டில உதவி மேசை வைப்பினம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது ரிட்டயர் ஆன ஒரு நேர்ஸ் அம்மா, எழுபது வயசு தாண்டியிருக்கும். அவ ஃபோர்மை வாங்கி வாசிக்கேல்ல. இது உங்கட லோயர் பாக்கவேண்டியது, நான் பாக்கக்கூடாது எண்டு சொல்லி மூடித் திருப்பித் தந்தவ. எனக்கு அந்த இடத்திலயே மரியாதை வந்திட்டுது. தங்களுக்கு எது தெரியும், எது தெரியாது எண்டு தெரிஞ்ச ஆக்களாலதான் உண்மையா உதவி செய்யேலும். அவ செய்தது, லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில விட்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் லைனில எடுத்து, நாங்கள் கதைச்சு முடியுமட்டும் பக்கத்தில இருந்தது. லைனில காத்திருக்கிற நேரம் முழுக்கச் சின்னவனுக்குக் கலரிங் புத்தகம் ஒண்டைத் திறந்து வச்சு அவனோட சேர்ந்து நிறம் தீட்டினவ. வருமானம் இல்லாத ஆக்களுக்கு லீகல் எய்ட் சேர்ட்டிஃபிகேட் கிடைக்கும், அதை எடுக்கிற லோயருக்கு நீங்கள் கையில இருந்து ஒரு சதமும் குடுக்கத் தேவையில்ல. இது தெரியாமத்தான் எங்கட சனம் ஆயிரக்கணக்கில குடுக்குது.

பிறகு வெல்ஃபெயர் ஒஃபிஸ். ஒன்ராறியோ வேர்க்ஸ் எண்டுறது. நாலு பேர் குடும்பத்துக்கு, தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள், வாடகைக்கும் சேத்து உச்சம் மாசம் 1,250 டொலர். ஸ்காபரோவில ரெண்டு அறை பேஸ்மென்ட்டே 2,000க்குப் பக்கத்தில போகுது, கணக்கை நீங்களே பாருங்கோ. கேஸ் வேர்க்கர் எல்லாம் ரைப் பண்ணி முடிச்சு, சைன் வைக்கச் சொல்லி பேப்பரைத் தள்ளேக்க, கூட வந்த நேர்ஸ் அம்மா மெல்லமாக் கேட்டவ, பிள்ளையளுக்கு ட்ரான்சிஷன் சைல்ட் பெனிஃபிட் போட்டாச்சோ எண்டு. போடேல்ல. சைல்ட் டாக்ஸ் காசு கிடைக்காத பிள்ளையளுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் மாசம் 230 டொலர் வரைக்கும் வரக்கூடிய ஒரு உதவி அது. ரெண்டு பிள்ளைக்கு 460. அந்த ஒரு கேள்வியால மாசா மாசம் 460 டொலர் வந்தது. அந்த வேர்க்கர் கெட்ட ஆளில்ல, அவவுக்கு முன்னால அண்டைக்கு எத்தினை குடும்பமோ. ஆனா தங்கச்சி தனியப் போயிருந்தா அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஏன் கூட வாறது பெரிசு எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறன் எண்டு இப்ப விளங்கும்.

கிளினிக் கதையும் இதே மாதிரித்தான். அகதிக் கோரிக்கை வச்ச ஆக்களுக்கு ஃபெடரல் அரசாங்கத்தின்ர ஐஎஃப்எச்பி எண்ட மருத்துவக் காப்புறுதி இருக்கு. ஆனா டொக்டரோ பல் டொக்டரோ மெடாவி புளூ குறொஸ் எண்ட, அந்தக் காப்புறுதியின்ர காசைக் குடுக்கிற கொம்பனியில பதிஞ்சிருந்தாத்தான் அதை எடுப்பினம். கனபேர் பதியிறதில்ல, பதிஞ்ச இடத்திலயும் முன் கவுண்டரில இருக்கிற பிள்ளைக்குத் தெரியாம எங்களுக்கு ஓஹிப் கார்ட், ஒன்ராறியோவின்ர ஹெல்த் கார்ட்தான் வேணும் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம். பெரியவளுக்கு ராத்திரி முழுக்கப் பல்லுக் குத்து, கன்னம் வீங்கிப் போச்சு. ஒரு இடம் போய்த் திரும்பி, ரெண்டாவது இடமும் போய்த் திரும்பி, தங்கச்சி பஸ் ஸ்ரொப்பில நிண்டு அழுதபடி எனக்குப் போன் எடுக்கிறாள். நான் சேர்ச் நம்பரைக் குடுத்தன். அவையிட்ட ஒரு கொப்பி இருக்கு, கையால எழுதினது, எந்த வோக்-இன் கிளினிக் எடுக்கும், எந்தப் பல் டொக்டர் எடுப்பார், எந்த ஃபார்மசிக்காரருக்கு இந்தப் பேப்பர் பழக்கம் எண்டு, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஆர் போய்ப் பாத்து எப்ப உறுதி செய்தது எண்டும் எழுதி வச்சிருக்கினம். அண்டைக்குப் பின்னேரமே பல்லுக்கு மருந்து கிடைச்சுது. அரசாங்கத்தின்ர வெப்சைட்டிலயும் லிஸ்ட் இருக்கு, ஆனா போய்ப் பாத்து எழுதின லிஸ்ட் அந்தக் கொப்பி மட்டும்தான்.

அவை தங்கின வீடு பழைய பாஸ்டர் குடியிருந்த வீடு. நாலு குடும்பம், ஒரு குசினி. ஃபிரிட்ஜில ஒவ்வொரு தட்டுக்கும் மாஸ்கிங் டேப்பில பேர் ஒட்டியிருக்கும். பண்டி இறைச்சி சமைக்கிற சட்டி வேற, அதுக்குப் பிடியில சிவப்பு நூல் கட்டியிருக்கு, முஸ்லிம் குடும்பங்கள் வந்தா கலக்கக்கூடாது எண்டு. சனிக்கிழமை காலமை எரித்திரியா மனுசி பச்சைக் கோப்பிக் கொட்டையைத் தாச்சியில வறுப்பா, அந்தப் புகையோட ஒவ்வொரு அறையையும் சுத்தி வந்து மணக்கக் காட்டுவா, அதுக்குப் பிறகு எல்லாரும் குசினியில கூடுவினம். தங்கச்சி மிளகாய்த்தூள் வறுத்த அண்டைக்கு வீடு முழுக்கத் தும்மல், அலாரமும் அடிச்சு, ஒருத்தரும் கோவிக்கேல்ல, யன்னலைத் திறந்து விட்டவை. வீடு சுத்தம். சுடுதண்ணி பிரச்சினை இல்ல. பாத்ரூம் மேல ஒண்டு, கீழ ஒண்டுதான், காலமை பள்ளிக்கூட நேரம் கஷ்டம்தான். சத்தமும் இருக்கும். தனிக் குடித்தனம் மாதிரி எதிர்பாத்துப் போகாதேங்கோ.

பள்ளிக்கூடம் லேசா முடிஞ்சுது. ஒன்ராறியோவில பேப்பர் இல்லை எண்டதுக்காக ஒரு பிள்ளையை ஒரு பள்ளிக்கூடமும் திருப்பேலாது, சட்டத்திலயே இருக்கு. ஊரில தடுப்பூசி போட்ட கொப்பியை மறக்காமக் கொண்டு வாங்கோ, இல்லாட்டி திரும்பவும் எல்லாம் குத்தவேண்டி வரும்.

வாடகைக்கு வீடு தேடுறதுதான் இந்த ஊரில பெரிய கண்டம். கிரெடிட் இல்ல, வேலைக் கடிதம் இல்ல, வீட்டுக்காரர் ஆறு மாசக் காசு முன்னுக்குக் கேக்கினம், எங்கட தமிழ் வீட்டுக்காரரும் கேக்கினம், அதையும் சொல்லத்தான் வேணும். முதல் மாசமும் கடைசி மாசமும் தவிர்த்து அட்வான்ஸ் வை எண்டு கட்டாயப்படுத்தச் சட்டத்தில இடமில்ல. சேர்ச்சில இருந்து ஒரு கடிதம் குடுத்தவை, இந்தக் குடும்பம் எங்கட வீட்டில இருந்தது, துப்புரவானவை, ஏதும் பிரச்சினை எண்டா எங்களைக் கூப்பிடுங்கோ எண்டு, கீழ பாஸ்டரின்ர கையெழுத்து, போன் நம்பர். வீட்டுக்காரர் அந்த நம்பருக்கு எடுத்துக் கதைச்சவர். அடுத்த நாள் திறப்புக் கிடைச்சுது.

சாமான் ஏத்த வந்தவர் ஒரு வியட்நாம்கார ஐயா, சொந்த பிக்கப். அவர் சின்னப்பெடியனா 1980ல தாய் தகப்பனோட வந்தவராம், ஒரு சேர்ச்தான் அவையை ஸ்பொன்சர் பண்ணினதாம். 1979 மார்ச்சில மெனொனைட் எண்ட கிறிஸ்தவ சபைக்காரர் கனடா அரசாங்கத்தோட முதல் ஸ்பொன்சர்ஷிப் ஒப்பந்தம் போட்டவை, அதுக்குப் பின்னால சேர்ச்சுகள், அயலட்டை ஆக்கள் எல்லாம் கூட்டாச் சேர்ந்து, 79, 80 ரெண்டு வருசத்திலயும் வந்த 60,000 இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகளில பாதிக்கு மேல அப்பிடி ஸ்பொன்சரில வந்தவைதான். அதையெல்லாம் பாத்துத்தான் 1986ல ஐநா, அகதிகளுக்கு உதவிற ஆக்களுக்குக் குடுக்கிற நான்சன் விருதைக் கனடா மக்கள் எல்லாருக்கும் சேர்த்துக் குடுத்தது. அதே 86 ஓகஸ்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு உயிர்காப்புப் படகில மிதந்துகொண்டிருந்த எங்கட ஆக்கள் 155 பேரை அந்த ஊர் மீன்பிடிக்காரர் ஏத்திக் காப்பாத்தினவை. இதைச் சொன்னவுடன அந்த ஐயா சோஃபாவின்ர ஒரு பக்கத்தைக் கீழ வச்சிட்டு, அந்த நியூஸ் எனக்கு ஞாபகம் இருக்கு எண்டார். பிறகு மூண்டாம் மாடிக்குத் தூக்கினம், லிஃப்ட் வேலை செய்யேல்ல.

பாவிச்ச மெத்தை மட்டும் அவை வாங்கவும் மாட்டினம், குடுக்கவும் மாட்டினம், மூட்டைப்பூச்சிப் பயம். மெத்தைக்கெண்டு தனியாக் காசு சேத்துப் புதுசா வாங்கிக் குடுக்கினம். நல்ல முடிவு.

இப்ப அந்த அரை மார்க்ஸ்.

புதன்கிழமை இரவு இலவசச் சாப்பாடு. சாப்பாடு அருமை, ஆனா சாப்பாட்டுக்கு முதல் அரைமணித்தியாலம் பாட்டும் சின்னப் பிரசங்கமும், அது முடியாமப் பிளேட் எடுக்கேலாது. வரச்சொல்லி ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லத்தான். ஆனா பசியோட வந்த பிள்ளையை வச்சுக்கொண்டு நிக்கிற தாய்க்கு அது கட்டாயம் மாதிரித்தான் படும், ஒரு சூடான் குடும்பம் அதுக்காகவே வராம விட்டது. நான் பாஸ்டரிட்ட நேரடியாச் சொன்னனான். ஜெபம் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கோ, விரும்பின ஆக்கள் இருப்பினம் எண்டு. அவர் கேட்டவர், சபைக் கூட்டத்திலயும் கதைச்சதாச் சொன்னவர், நான் இதை எழுதுமட்டும் மாறேல்ல. உதவி மேசையில அவ்வளவு கவனமா இருக்கிற ஆக்கள் இதில ஏன் விடுகினம் எண்டு எனக்கு இன்னும் மனவருத்தம்.

ரெண்டாவது, படம். சபையின்ர செய்திமடலுக்கு எண்டு ஒரு வொலண்டியர் பிள்ளை குடும்பங்களை நிப்பாட்டிப் படம் எடுத்தவ. கெட்ட எண்ணம் இல்ல. ஆனா அகதிக் கோரிக்கை எண்டுறது ரகசியமா விசாரிக்கிற விசயம், ஊரில தாய் தகப்பன் சகோதரம் இருக்குதுகள், படம் ஒண்டு முகநூலில போனா அங்க ஆர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்கள் எண்டு இவைக்குத்தான் தெரியும். தங்கச்சி வாய் திறக்கேல்ல, சாப்பாடு போட்ட இடத்தில எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது எண்டு. நேர்ஸ் அம்மாவிட்ட நான் சொன்ன உடன அண்டைக்கே படங்களை அழிச்சு, இனி முகம் தெரியிற மாதிரி எடுக்கிறேல்ல எண்டு முடிவும் எடுத்தவை. அதுக்காக நன்றி.

மூண்டாவது, உடுப்பு அறை. பழைய கோட்டுகள் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கு, அரைவாசிக்கு ஸிப் வேலை செய்யாது. பிள்ளையளுக்கு ஸ்னோ பான்ட்ஸும் அளவான பூட்ஸும் இல்ல, பள்ளிக்கூடத்தில இடைவேளைக்கு வெளிய விட அதுதான் வேணும். குடுக்கிற ஆக்கள் தங்கட அலுமாரியைத் துப்புரவாக்கிறதுக்குக் குடுக்கினம். அதோட சனவரி, பெப்ரவரியில வொலண்டியர் ஆக்களில வயசானவை கொஞ்சப்பேர் குளிருக்குத் தெற்க போயிடுவினம், அந்த நேரம்தான் புதுக் குடும்பங்களுக்கு ஆள் உதவி கூடத் தேவை. மேசைக்கு வந்த ஆக்கள் காத்திருக்கவேண்டி வந்தது.

ஹியரிங். இப்ப கூடுதலா வீடியோவிலதான். வீட்டில ரெண்டு பிள்ளையள், இன்டர்நெட் விட்டு விட்டு வரும், அதால சேர்ச்சில ஒரு அறையை ஒதுக்கித் தந்தவை. கதவில வெளிய கடதாசி ஒட்டி, மேல் மாடிப் பியானோ வகுப்பையும் அண்டைக்கு நிப்பாட்டிப்போட்டினம். மேசையில லாப்டொப், ஒரு ஜக் தண்ணி, ரிஷு பெட்டி, ஒரு சின்னக் கடிகாரம். லோயர் கேட்ட ஆவணங்கள் எல்லாம் ஹியரிங்குக்கு 10 நாளைக்கு முன்னமே போகவேணும், ஊரில இருந்து வந்த கடிதங்களை மொழிபெயர்க்கிற அலுவலை நினைவுபடுத்தி நினைவுபடுத்தி முடிப்பிச்சதும் நேர்ஸ் அம்மாதான். ஹியரிங்குக்கு முதல் நாள் பின்னேரம் பாஸ்டர் வந்து, உங்களுக்குச் சம்மதமெண்டா நான் உங்களுக்காக ஜெபிக்கட்டோ, இல்லையெண்டாலும் ஒண்டுமில்ல எண்டு கேட்டவர். தங்கச்சி மனுசனைப் பாத்தாள், பிறகு ஓம் எண்டாள். அவர் சுருக்கமாத்தான் ஜெபிச்சவர். பயமில்லாம உண்மையைச் சொல்லப் பலம் குடு எண்டு மட்டும் கேட்டவர், வெல்லவேணும் எண்டு கேக்கேல்ல. தங்கச்சி வீட்ட வந்து கந்தனையும் கும்பிட்டிட்டுத்தான் படுத்தவள்.

அவளுக்கு ஊரில நடந்ததை அவள் எனக்கே முழுக்கச் சொன்னதில்ல. அண்டைக்கு அந்த அறைக்க அவளும் மனுசனும் ஸ்கிரீனில தெரிஞ்ச ஆக்களும்தான். நான் வெளிய கொரிடோரில. நேர்ஸ் அம்மா என்னோட இருந்தவ, ஸ்வெற்றர் பின்னிக்கொண்டு. இடைவேளைக்குத் தங்கச்சி வெளிய வரேக்க கை நடுங்கிக்கொண்டிருந்தது, அவ ஒண்டும் கேக்காம அந்தக் கையில சூடான தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பிச்சவ. கேஸ் ஏற்றுக்கொண்டாச்சு, கடிதம் பிறகு வந்தது. இப்ப பெர்மனன்ற் ரெசிடென்ஸுக்குப் போட்டிட்டுக் காத்திருக்கினம், அது இன்னும் கனகாலம் எடுக்கும்.

இந்தச் சேர்ச் இந்த வேலையை இவ்வளவு பெரிசாத் தொடங்கினது 2023 கோடையிலதான். அந்த ஜூலையை ரொறன்ரோவில இருந்த ஆக்கள் மறந்திருக்கமாட்டினம். டவுன்டவுனில 129 பீட்டர் ஸ்ட்ரீட்டில இருக்கிற ஷெல்டர் பதிவு மையத்துக்கு வெளிய, மழையில, நடைபாதையில, ஆபிரிக்காவில இருந்து வந்த அகதிகள் படுத்திருந்தினம். சிற்றி ஃபெடரலைக் கை காட்டுது, ஃபெடரல் சிற்றியைக் கை காட்டுது. பிறகு ஃபெடரல் அரசாங்கம் ரொறன்ரோவுக்கு 97 மில்லியன் டொலர் தாறம் எண்டு அறிவிச்சுது, ஆனா அதுக்கு முதலே கறுப்பினச் சபைகள் வந்து நிண்டிட்டுது. ரிவைவல்டைம் டாபர்நாக்கிள், டொமினியன் சேர்ச், இந்த மாதிரியான சபைகள் பஸ் பிடிச்சு ஆக்களைக் கூட்டிக்கொண்டுபோய் தங்கட ஆராதனை மண்டபத்துக்குள்ள படுக்க வச்சவை. பெரிய பணக்காரச் சபைகள் இல்ல. அதைப் பாத்துத்தான் தங்களுக்கும் சும்மா இருக்கேலாமப் போச்சு எண்டு பாஸ்டர் சொன்னவர்.

எங்கட ஏரியாவில இல்லாத ஆக்களுக்கு, பழைய, நல்ல பேர் உள்ள இடங்கள் இருக்கு. மத்யூ ஹவுஸ் 1998ல தொடங்கினது, அந்நியனா வந்தவனைச் சேர்த்துக்கொள்ளுறதைப் பற்றி மத்தேயு 25ஆம் அதிகாரத்தில வாறதை வச்சுத்தான் பேர். ரொமேரோ ஹவுஸ் மேற்குப் பக்கம், எல் சல்வடோரில 1980ல பூசை வைக்கேக்க சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோவின்ர பேரில, அங்க வேலை செய்யிற இளம் ஆக்கள் அகதிக் குடும்பங்களோட அதே வீட்டிலயே குடியிருக்கினம். எஃப்சிஜே ரெஃப்யூஜி சென்டர் 1991ல கன்னியாஸ்திரிமாரும் எல் சல்வடோரில இருந்து தாங்களும் அகதியா வந்த ஒரு தம்பதியும் சேர்ந்து தொடங்கினது. இந்த மூண்டிலயும் நான் உதவி எடுத்ததில்ல, அதால மார்க்ஸ் போடேல்ல.

போற ஆக்களுக்கு: உங்கட பேப்பர் எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டுக்கொண்டு போங்கோ, ஒரிஜினலை ஒருத்தரிட்டயும் விட்டிட்டு வராதேங்கோ, கேஸ் கதையை மேசையில சொல்லத் தேவையில்ல, அது லோயருக்கு. இங்கிலீஷ் வராட்டி வெக்கப்படாதேங்கோ, போனில மொழிபெயர்ப்பாளர் எடுப்பினம்.

குடுக்க விரும்பிற ஆக்களுக்கு: பழைய உடுப்பு வேண்டாம். பிள்ளையளின்ர புது ஸ்னோ பான்ட்ஸ், காசு ஏத்தின பிரெஸ்டோ (பஸ்) கார்ட், இருபது கிலோ அரிசி மூட்டை. இது எல்லாத்தையும் விடத் தேவை கார் உள்ள, பகலில நேரம் உள்ள, தமிழும் இங்கிலீஷும் கதைக்கத் தெரிஞ்ச ஆக்கள். ரிட்டயர் ஆகி வீட்டில இருக்கிற அண்ணைமார் அக்காமார் எங்கட சமூகத்தில எத்தினை பேர், அந்த மேசையில ஒரு தமிழ் முகத்தையும் நான் இன்னும் காணேல்ல. சைவம் எண்டாலும் சேர்ப்பினம், நான் கேட்டிட்டன். பொலிஸ் ரிப்போர்ட் ஒண்டு எடுக்கவேணும், அதுக்கு வொலண்டியர் கடிதம் அவையே தருவினம். சனவரிக்கு முதல் பதிஞ்சா நல்லம்.